மக்ரிப் நேரத்து மாத்திரை

ரம்ஜான் மாதம் தொடங்கியிருந்த சமயத்தில் சாந்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றதும் என் இடத்துக்கு வந்த நர்ஸ் அவள். எதையும் என்னிடம் ஒருமுறை கேட்டுவிட்டுச் செய்வது அவள் வழக்கம். கேட்ட பிறகு தன் இஷ்டப்படிதான் செய்வாள், அது வேறு விஷயம்.

“அக்கா, நம்ம ரூம்ல இருக்கற நாற்காலிங்கள இன்னா பண்றது? ஸ்டோர்ல குடுத்துடச் சொல்றாங்க.”

“ஏன், ஆளுங்க எங்க உக்காருவாங்க?”

“இப்பல்லாம் யாரும் உக்கார்றதில்லக்கா. நல்லா தேறினவங்களுக்கு மாத்திரைய வீட்டுக்கே குடுத்தனுப்பலாம்னு ஆர்டர் வந்துட்சில்ல? வர்றாங்க, வாங்கினு போயிட்றாங்க. நாற்காலிங்க சும்மா கெடக்குது.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நாற்காலிக்கு என்ன யோசனை வேண்டியிருக்கிறது என்று அவள் நினைத்திருப்பாள். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். விரிஞ்சிபுரத்தில் என் மகன் கட்டிய வீடு இது. ஜன்னலைத் திறந்து வைத்தால் பாலாற்று மணலைத் தடவிக்கொண்டு வரும் காற்று கண்ணைச் சொக்க வைக்கும். பாதித் தூக்கத்தில் அந்த அறை வந்தது. சுவரோரமாக வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மதிலுக்கு அப்பால் தோல் பதனிடுகிற ஷாப்பின் பெரிய மர டிரம் உருளுகிற சத்தம். விழித்த பிறகும் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் காதில் இருந்தது.

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றை ஒட்டி, தோல் தொழிலால் சோறு தின்கிற ஊர்களில் அதுவும் ஒன்று. நான் நெமிலிப் பக்கத்துக் கழனிக்காரர் வீட்டுப் பெண். வேலூரில் நர்ஸ் படிப்பு, பிறகு பிரசவ வார்டு, பிறகு கேஷுவாலிட்டி என்று என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி ஓடிப்போனது. அந்த வருஷங்களை இப்போது நினைத்தால் ரயில் ஜன்னலில் போகிற ஊர்கள்தான். கடைசி வருஷங்களில் மட்டும் வண்டி ஒரே ஸ்டேஷனில் நின்றது. அரசு மருத்துவமனையின் பின்கட்டில், போதைக்கு அடிமையானவர்களுக்கு மாற்று மருந்து கொடுக்கும் அறைக்கு என்னைப் போட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கும் முதலில் சங்கடமாகத்தான் இருந்தது.

பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே சொன்னதையெல்லாம் பிழிந்தால் மிஞ்சுவது ஒன்றுதான்: மாத்திரை உங்கள் கண் முன்னால் கரைய வேண்டும், ஒருபோதும் கையில் கொடுக்கக் கூடாது. வெளியே போனால் விற்றுவிடுவார்கள், ஊசியில் ஏற்றிக்கொள்வார்கள் என்று பயம். பயத்தில் நியாயமும் இருந்தது.

அதை இப்படிச் செய்வோம். ஆள் வந்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்வேன். வாய் ஈரமாக இருந்தால்தான் மாத்திரை நன்றாகக் கரையும். டார்ச் அடித்து நாக்கின் கீழே பார்ப்பேன். மாத்திரையைச் சின்ன உரலில் போட்டு ஒன்றிரண்டாக உடைப்பேன். முழுசாகக் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கம்பி நீட்டுகிற ஆசாமிகள் உண்டு. மாவாக அரைத்துவிட்டால் எச்சிலோடு தொண்டையில் இறங்கிவிடும், வயிற்றுக்குப் போனால் வீண். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் கொட்டுவேன். அதன்பின் அவர் நாற்காலியில் போய் உட்கார வேண்டும். பேசக் கூடாது, எச்சிலை விழுங்கக் கூடாது, கரைந்து முடித்த பிறகு மறுபடி என்னிடம் வந்து வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

ஊரிலேயே ஆண்பிள்ளைகள் இத்தனை பேர் ஒன்றாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே இடம் என் அறைதான் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். தோல் ஷாப்பில் மெஷின் ஓட்டுகிறவர், ஷூ கம்பெனிக்காரர், கறிக்கடைக்காரர், ஆட்டோக்காரர், ஒரு காலேஜ் வாத்தியார்கூட இருந்தார். காலை வெயில் கம்பி ஜன்னல் வழியாக வந்து அவர்கள் பாதங்களில் விழும். பதனிடுகிற குரோம் ரசாயனத்தின் வாசனையும் ஊறிய தோலின் வாசனையும் காற்றில் மிதக்கும். அப்பால் டிரம் உருண்டுகொண்டே இருக்கும். அந்த மௌனத்தில் எனக்கே சில நேரம் கண் செருகும். பேச முடியாததால் கையாலேயே பேசப் பழகியிருந்தார்கள். இரண்டு விரலை மூக்கருகில் வைத்தால் ‘மூச்சு முட்டுகிறது, ஃபேனைப் போடு’ என்று அர்த்தம். உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் ‘இன்னும் கரையவில்லை’. போகப் போக எனக்கும் அந்தப் பாஷை வந்துவிட்டது. வீட்டில் சாம்பாரில் உப்பு கம்மி என்று ஒருநாள் கையாலேயே சொல்லப்போக, என் கணவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எங்கள் டாக்டர் பெயர் கருணாகரன். குரலே எழும்பாது. யார் வந்தாலும் பெயர் சொல்லி, “வாங்க, சாப்ட்டீங்களா?” என்பார். போதைக்காரன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ‘நம்ம ஆளு’ என்பார், அவ்வளவுதான். ஏதாவது முடிவெடுக்க வேண்டுமென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியை இழுத்து மெல்லத் துடைப்பார். துடைக்கிற நேரத்தில் ஜன்னல் பக்கம் பார்ப்பார். மறுபடி கண்ணாடியை மாட்டும்போது முடிவு வந்திருக்கும், அப்புறம் யார் சொன்னாலும் மாறாது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரில் இருக்கிறவர் முகமே தெரியாது. அதனால்தான் முகதாட்சணியம் இல்லாமல் முடிவெடுக்கிறீர்களா சார் என்று ஒருமுறை கேலியாகக் கேட்டேன். அதற்கும் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார்.

அந்தக் காலத்தில்தான் மருந்துக் கடைகளில் சோதனை கடுமையானது. வலி மாத்திரைகளைச் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்று அதிகாரிகள் கடை கடையாக ஏறினார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ஆரம்பம் அந்த மாத்திரைதான். ஈரத் தோலைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனவன் ஒன்று போடுவான், பிறகு இரண்டு, பிறகு கரைத்து ஊசியில். அதனால் சோதனை என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். டாக்டர் மட்டும் கவலைப்பட்டார்.

“கடையப் பூட்றது நல்லதுதான் சிஸ்டர். ஆனா பூட்ற அன்னிக்கு நம்ம கதவு பெருசா தொறந்திருக்கணும். இல்லன்னா எங்கேர்ந்தோ என்னத்தையோ வாங்கிப் போடுவாங்க. அது என்னன்னு அவங்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.”

அரசாங்கம் இரண்டு கையாலும் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு கை பூட்டியது, இன்னொரு கை திறந்தது. திறக்கிற கை நாங்கள்தான் என்று அவர் உறுதியாக நம்பினார். அதிக அளவு போட்டு மூச்சு நின்றுபோகிறவர்களுக்குக் கொடுக்கும் நாலக்சோன் ஊசி கேஷுவாலிட்டியில் மட்டுமல்ல, எங்கள் அறையிலும் எப்போதும் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்தார். அந்த ஊசியால் எழுந்து உட்கார்ந்த ஒருவன், செத்துப் பிழைத்தவன், என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: “இன்னா சிஸ்டர், நல்லா இருந்தேன், கெடுத்துட்டீங்களே.” ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. சிரிப்பும் வந்தது.

அன்வர் அப்படி எழுந்திருக்கவில்லை.

அது ஒரு ரம்ஜான் பெருநாள். கேஷுவாலிட்டியில் ஆள் குறைவென்று என்னை அன்று அங்கே போட்டிருந்தார்கள். தொழுகை முடிந்து தெருவெல்லாம் புதுத் துணியாக இருந்த நேரத்தில் ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. ஒருவன் இன்னொருவனை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு இறங்கினான். தூக்கி வரப்பட்டவன் அன்வர். வெள்ளைச் சட்டை, கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. அத்தர் வாசனை. உதடு நீலம். கண்ணைப் பிரித்துப் பார்த்தேன், பாவை கடுகளவு இருந்தது. செயற்கை மூச்சுக்கான ரப்பர் பையை முகத்தில் வைத்து மூச்சை அழுத்திக் கொடுத்தோம். நரம்பு கிடைக்காமல் தொடையிலேயே ஊசியைப் போட்டோம். மறுபடியும் போட்டோம். அவன் வந்து சேர்ந்தபோதே நேரம் தாண்டியிருந்தது.

தூக்கி வந்தவன் ஓடிப்போகவில்லை. இப்படிப்பட்ட சமயங்களில் போலீஸ் வரும் என்று பயந்து வாசலிலேயே போட்டுவிட்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். இவன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, “என் தோஸ்த் சிஸ்டர், என் தோஸ்த்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அவன்தான் இலியாஸ். தோல் ஷாப்பில் தோலைச் சீவி மெல்லிசாக்கும் ஷேவிங் மெஷின் ஓட்டுகிறவன், முப்பது வயதுக்குள் இருக்கும். அவனுக்கும் அன்வருக்கும் ஒரே ஷாப், ஒரே பழக்கம். அத்தர் வாசனை என் புடவையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

சில நாள் கழித்து இலியாஸ் எங்கள் அறை வாசலில் வந்து நின்றான். டாக்டர் எழுந்து, “வாங்க இலியாஸ், சாப்ட்டீங்களா?” என்றார். அவன் அழுதுவிட்டான். மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொண்டது. கைநடுக்கம் நின்றது, வேலைக்கு ஒழுங்காகப் போனான், முகத்தில் சதை பிடித்தது. ஜன்னலோர நாற்காலி அவனுடையதாகிவிட்டது. வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் எதிரே நின்று முறைப்பான். பேச முடியாதே, முறைக்கத்தான் முடியும்.

அடுத்த ரம்ஜான் வந்தது. முதல் நோன்பன்று காலையில் பாதி நாற்காலிகள் காலி. ஜன்னலோர நாற்காலியும் காலி. மறுநாளும் அப்படியே. போன் போட்டால் ஒருவர் ஜுரம் என்றார், ஒருவர் ஷாப்பில் வேலை ஜாஸ்தி என்றார். இலியாஸ் எடுக்கவே இல்லை.

பிறகு ஒரு காலை அவன் மனைவி ரேஷ்மா வந்தாள். மெலிந்த பெண், கறுப்பு புர்காவுக்குள்ளிருந்து அடிக்கடி வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“சிஸ்டர், நான் வந்தது அவருக்குத் தெரியக் கூடாது. அவரு நோன்பு வெச்சிருக்காரு. பகல்ல வாயில எதுவும் போடக் கூடாதே. இந்த மாசம் பூரா அந்த மாத்திரையும் வாணாம், சுத்தமா இருந்து காட்டறேன்றாரு. ஒடம்பு முறுக்குது, தூக்கமே இல்ல. வீட்ல எல்லாரும் பையன் திருந்திட்டான்னு மெச்சிக்கறாங்க.”

“நீ இன்னாம்மா நெனைக்கற?”

“எனக்கு பயமா இருக்குது. போன வருஷம் அன்வர் பாயும் இப்டித்தான் சிஸ்டர். நோன்பு மாசம் பூரா எதையுமே தொடல. அவங்க அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டாங்க. பெருநாள் அன்னிக்குதான்...”

எனக்குச் சட்டென்று எல்லாம் கோத்துக்கொண்டு நின்றது. சோளிங்கர் பெருமாளுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருக்கும் என் அம்மா, அன்று மட்டும் சர்க்கரை மாத்திரையை ஒதுக்கிவிடுவாள். எத்தனை திட்டினாலும் கேட்க மாட்டாள். பக்தியில் மருந்தை விடுவது எனக்குப் புதிதல்ல. என் அம்மாவுக்குத் தலைசுற்றலோடு போய்விடும். இவர்களுக்கு உயிர் போகும்.

டாக்டர் ரேஷ்மாவை உட்கார வைத்து அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். “ஒரு மாசம் எதுவும் இல்லாம இருந்தா ஒடம்பு பழக்கத்த மறந்துடும்மா. ஆளு மறக்கமாட்டான். பெருநாள் அன்னிக்கு யாராவது கூப்ட்டு, பழைய அளவையே ஏத்திக்கிட்டா, அந்த ஒடம்பு தாங்காது. அன்வருக்கு நடந்தது அதான்.”

ரேஷ்மா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். “அவரு நோன்ப விடமாட்டாரு டாக்டர். நோயாளி விடலாம்னு மசூதி ஹஜ்ரத்தே சொல்றாரு. ஆனா விட்டா ஏன்னு எல்லாரும் கேப்பாங்க. இன்னா நோய்னு சொல்றது?”

மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அப்போது வழியில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே கேட்டார்: “நோன்பு எப்போ தொறப்பாங்க சிஸ்டர்?”

“மக்ரிப் பாங்கு சொன்னதும் சார். சூரியன் விழுந்ததும்.”

கண்ணாடியை மாட்டினார். மேலதிகாரிக்குப் போன் போட்டார். எதிர்முனையில் நீளமாக ஏதோ சொன்னார்கள். இவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், கண் முன்னால குடுக்கணும்னுதான் இருக்குது. காலைல குடுக்கணும்னு எங்கயுமே இல்ல” என்றார். பிறகு, “நானே இருக்கேன் சார்” என்றார். அவ்வளவுதான். அந்த மாதம் முழுக்க எங்கள் அறையில் சாயங்காலமும் விளக்கெரிந்தது.

“நோன்புக் கஞ்சியையும் எடுத்துனு, ஆளையும் கூட்டினு வா” என்று ரேஷ்மாவிடம் சொல்லி அனுப்பினேன்.

முதல் சாயங்காலம் இலியாஸ் மட்டும்தான் வந்தான். கண் சிவந்து, மூக்கு ஒழுக, தோளைக் குறுக்கிக்கொண்டு வந்து அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நாங்கள் காத்திருந்தோம். ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சாம்பலானது. மசூதியில் பாங்கு எழுந்தது. அந்த நேரத்தில் மதிலுக்கு அப்பால் டிரம் நின்றது, அங்கேயும் நோன்பு திறக்கிறார்கள் அல்லவா? அத்தனை வருஷத்தில் அந்தச் சத்தம் நின்று நான் கேட்டதில்லை. உலகமே ஒரு கணம் மூச்சை நிறுத்திக் கவனிப்பதாகத் தோன்றியது.

இலியாஸ் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டான், தண்ணீர் குடித்தான், வாய் கொப்பளித்தான். நடுவில் நாள் விட்டுப்போனதால் பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது. டாக்டர் குறைத்துச் சொன்ன அளவை உடைத்து நாக்கின் அடியில் கொட்டினேன். வாயை மூடிக்கொண்டான். பகலெல்லாம் பட்டினி கிடந்தவன் முன்னால் ரேஷ்மா தூக்குப் பாத்திரத்தைத் திறந்துவிட்டாள். கறியும் இஞ்சியும் போட்ட கஞ்சி வாசனை அறை முழுக்கப் பரவியது. அவன் பாத்திரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினான்: இன்னும் கரையவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் கண்ணிலும் சிரிப்பு வந்தது. டாக்டர் தனக்கு வந்த டீயைத் தொடாமல் ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். இலியாஸ் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் அவரும் குடித்தார்.

எப்படிச் செய்தி போனதோ, ஒவ்வொருவராக வந்தார்கள். ஜுரம் வந்தவருக்கும் வேலை ஜாஸ்தியானவருக்கும் ஒரே நாளில் குணமானது. ஆட்டோக்காரர் செல்வம்கூட, “நானும் சாயங்காலமே வர்றேன் சிஸ்டர்” என்றார்.

“உனக்கு இன்னாப்பா நோன்பு?”

“கஞ்சி நல்லா இருக்குதுன்னாங்க.”

அந்த மாலைகள் எனக்கு இப்போதும் நடந்ததா, கனவா என்று சந்தேகமாக இருக்கும். பாங்கு ஓயும். டிரம் சத்தம் இருக்காது. நாற்காலி வரிசையில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, ஆவி பறக்கும் கஞ்சிக் கிண்ணங்களை மடியில் வைத்துக்கொண்டு, கரைவதற்காகக் காத்திருப்பார்கள். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று அந்த மங்கல் வெளிச்சத்தில் எனக்குத் தெரியாது. நான் ரொம்பவும் சந்தோஷமாக இருந்தேன். வேலையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆனால் மாதம் தேயத் தேய, அன்வரின் மடிப்புக் கலையாத சட்டை அடிக்கடி கண்ணில் வந்தது.

பிறை பார்க்கிற நாள். டி.வி.யில் சொல்வதற்கு முன்பே தெருவில் பட்டாசு வெடித்தது. எல்லோரும் அவசரமாக வந்தார்கள். பஜாருக்குப் போக வேண்டும், வளையல் வாங்க வேண்டும், கறிக்குச் சொல்ல வேண்டும். ஜன்னலோர நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. ரேஷ்மா தனியாக வந்து வாசலில் நின்றாள். தூக்குப் பாத்திரம் கையில் ஆடியது.

“இங்க வந்துட்டாரான்னு பாக்க வந்தேன் சிஸ்டர். சாயங்காலம் அஸர் தொழுதுட்டுப் போனவரு. போனை வீட்லயே வெச்சிட்டுப் போய்ட்டாரு.”

டாக்டர் நாலக்சோனை எடுத்து வைக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினார். ஆம்பூலை எடுத்து, பக்கத்தில் சிரிஞ்சையும் வைத்தேன். போன பெருநாளில் தோஸ்தைத் தூக்கி வந்தவனை இந்தப் பெருநாளில் யார் தூக்கி வருவார்கள் என்றுதான் மனசு ஓடியது.

அப்போது செல்வம் எழுந்தார். மாத்திரை வாங்கி அப்போதுதான் உட்கார்ந்திருந்தார், வாய் மூடியிருந்தது. பையிலிருந்து ஆட்டோச் சாவியை எடுத்து ஆட்டிக் காட்டி, வாசலைக் காட்டினார்.

“கரைஞ்சப்புறம் போ செல்வம். வாயக் காட்டாம வெளிய போகக் கூடாது.”

தலையை ஆட்டி மறுத்தார். எத்தனை பேர் வெளியே விற்றிருக்கிறார்கள், எத்தனை பேரைப் பிடித்திருக்கிறோம்? விதி விதிதான். நான் வாசலில் நின்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த ஒருமுறை துடைக்கவில்லை, உடனே மாட்டிக்கொண்டார்.

“போகட்டும் சிஸ்டர்.”

நான் விலகினேன். ஆட்டோ சீறிக்கொண்டு போனது. மற்றவர்கள் கரைந்து முடித்த பிறகும் போகவில்லை. பஜாரை மறந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சி ஆறி ஏடு கட்டியது. ரேஷ்மா முணுமுணுவென்று ஓதிக்கொண்டிருந்தாள். நானும் சோளிங்கர் பக்கம் மனசைத் திருப்பி வைத்திருந்தேன்.

இரவுத் தொழுகைக்கான இஷா பாங்குக்கு முன்பே ஆட்டோ திரும்பி வந்தது. முதலில் செல்வம் இறங்கினார். பின்னால் இலியாஸ் தானாகவே நடந்து வந்தான். கைலியில் ஈர மண். நேராக என்னிடம் வந்து, என் உள்ளங்கையைப் பிரித்து ஒரு பொட்டலத்தை வைத்து, விரல்களை மூடிவிட்டான்.

“கபரஸ்தான்ல, அன்வர பொதச்ச எடத்துல உக்காந்திருந்தேன் சிஸ்டர். அவன் இல்லாத பெருநாள். அவனுக்கு ஓதிட்டு... இது பையில இருந்துது. கைல எடுத்துட்டேன். அப்போ இந்த ஆளு வந்து எதுக்க நின்னாரு. வாயே தொறக்கல. கையாலயே ‘வா’ன்றாரு. உள்ளங்கையக் கவுத்து ஆட்டறாரு. நம்ம நாற்காலியக் காட்டறாரு. கபருங்க நடுவுல நின்னுகினு, ஊமையாட்டம். எனக்குச் சிரிப்பு வந்துட்சி சிஸ்டர். சிரிச்சிட்டேன்.”

பொட்டலத்தை டாக்டரிடம் கொடுத்தேன். அவர் அதில் இருந்ததைத் தண்ணீரில் கரைத்துக் கொட்டினார். எங்கே வாங்கினாய் என்று யாரும் கேட்கவில்லை. இலியாஸ் வாய் கொப்பளித்தான். நாக்கின் அடியில் கொட்டினேன். அவன் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தான், வாயை மூடிக்கொண்டான், அதன்பின் அழ ஆரம்பித்தான்.

வாயைத் திறக்காமல் ஒரு ஆள் அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தோள் குலுங்கியது. கண்ணீர் தாடியில் இறங்கியது. உதட்டை மட்டும் பிரிக்கவில்லை. மாத்திரை வெளியே வந்துவிடக் கூடாது, தொண்டையில் இறங்கிவிடவும் கூடாது. அழுகையைவிட அந்த மாத்திரையைக் காப்பாற்றுவது பெரிதாக இருந்தது அவனுக்கு. டாக்டர் எழுந்து போய் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கரைகிற வரைக்கும் யாரும் பேசவில்லை.

செல்வம் என்னிடம் வந்து வாயைத் திறந்து காட்டினார். சுத்தமாகக் கரைந்திருந்தது. நான் பார்த்தது அதுதான், நடுவில் நடந்ததை நான் பார்க்கவில்லை. கண் முன்னால் கரையாமல், நாங்கள் தெரிந்தே வெளியே விட்ட மாத்திரை எங்கள் அறையில் முதன்முதலில் செல்வத்துடையதுதான். பின்னாளில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஆணை வந்தபோது டாக்டர் அதைப் படித்துவிட்டு, “நம்ம செல்வம் அன்னிக்கே எடுத்துட்டுப் போயிட்டாரு சிஸ்டர்” என்றார்.

மறுநாள் பெருநாள், விடுமுறை. டாக்டர் அறையைத் திறக்கச் சொல்லியிருந்தார். தொழுகை முடிந்து அவர்கள் வந்தார்கள். எல்லோரும் புதுச் சட்டை, கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. எல்லோர் மேலும் அத்தர். அந்த வாசனை வந்ததும் எனக்கு முதலில் அன்வரின் ஞாபகம்தான் வந்தது. பிறகு வரிசையாக அவர்கள் மார்பைப் பார்த்தேன். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இலியாஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்து இரண்டு விரலை மூக்கருகில் வைத்தான். நான் ஃபேனைப் போட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பெருநாள் காலையிலும் அவர்கள் அந்த அறைக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெறும் வரையில் அது தவறவில்லை. சாந்தி அதற்குப் பிறகு வந்தவள், அங்கே அவளுக்கு இதுதான் முதல் பெருநாள், எப்படித் தெரியும்?

கனவு வந்த அன்று சாயங்காலமே அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். “நாற்காலிங்கள பெருநாள் வரைக்கும் வெச்சிரு. அன்னிக்குக் காலைல மட்டும் கதவத் தொற.”

“அன்னிக்கு லீவுக்கா. மாத்திரைய முன்னாடியே எல்லாருக்கும் கையில குடுத்துடுவேனே. யாரு வரப்போறாங்க?”

“வரலன்னா மறுநாள் ஸ்டோர்ல குடுத்துடு.”

மாத்திரை கையில் இருக்கிறது, நல்லதுதான். நேரம் அவர்களுடையது, கதவு அவர்களுடையது. யாருக்கும் பயந்து ஒளிந்து வர வேண்டியதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் பெருநாள் காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. கடைசியில் மணி அடித்தது.

“அக்கா,” சாந்தியின் குரல் ரகசியம் பேசுவதுபோல இருந்தது. “வந்துட்டாங்க. புதுத் துணி போட்டுனு, அவங்க மாத்திரைய அவங்களே கொண்டாந்து, வாயில போட்டுனு உக்காந்திருக்காங்க. நாற்காலி பத்தல. ஒருத்தர் ஜன்னலாண்ட உக்காந்துனு, ஃபேனைப் போடுன்னு கையக் காட்டறாரு. போனை அப்டியே நீட்றேன், இருங்க.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பேச்சு ஒன்றும் இல்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம். ஒரு நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. பிறகு பல பேர் மூக்கால் இழுத்து விடுகிற மூச்சு.

“யாருமே பேசலக்கா. உங்களுக்கு எதுனா கேக்குதா?”

“கேக்குது” என்றேன்.